இருநூற்றுப் பதினான்கு கேள்விகள்

ஒரு கரும்பலகையை ஒழித்துக்கட்ட எத்தனை மாதம் ஆகும் என்று யாராவது கேட்டால், எட்டு மாதம் என்பேன். அதே கரும்பலகையை மறுபடியும் கண்டுபிடிப்பதற்கும் சேர்த்துத்தான் எட்டு மாதம். இரண்டுக்கும் ஆலோசகர் நான்தான். அதனால் இதை எழுதக் கை கூசுகிறது.

என் பெயர் எட்ரியன். பிரிஞ்சாங் டவுனில் இரவுச் சந்தை போடும் ரோட்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஸ்ட்ராபெரி பண்ணைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து தருவது, ஹோட்டல் பிரிண்டரில் சிக்கின பேப்பரை இழுத்து எடுப்பது, இதுதான் பிழைப்பு. பிறந்து வளர்ந்தது கல்லுமேட்டுத் தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயம் என்கிற வரிசை வீடுகளில். ரெஜிஸ்டரில் அந்தத் தோட்டத்துக்கு வேறு ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. அது கம்பெனிக்காரர்கள் வாயில் மட்டும்தான் நுழையும்.

கல்லுமேட்டில் காலை ஆறரைக்குப் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, பேர் கூப்பிட்டு, வந்தது எத்தனை, வராதது எத்தனை என்று எழுதிக்கொண்டு, வேலைக்குப் பிரித்துவிடுவார்கள். அந்தக் களத்தில் ஒரு கரும்பலகை நின்றது. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணி இராமையா தினமும் அதில் எழுதுவார். டாக்டர் வருகிறார், தண்ணீர் வராது, கோயில் கூட்டம், எல்லாம் அதில்தான். அடைமழைக் காலத்தில், 'மேட்டு லயத்தார் மண்டபத்துக்கு வரவும்' என்று அவர் எழுதிவிட்டால் ஆறு வீட்டுக்காரர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எழுதாமல் ஒருத்தரும் அசைய மாட்டார்கள். போர்டில் வந்தால்தான் மண்டபத்துப் பூட்டு திறக்கும், முடியாதவர்களை ஏற்றிப்போக டிராக்டர் வரும். போர்டில் வராமல் வீட்டைக் காலியாக விட்டால், ஆளில்லாத வீடு என்று கம்பெனி பூட்டிக்கொள்ளும். போன வருடம் கோலா தெர்லாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்பிய குடும்பத்துக்குத் தங்கள் வீட்டுக் கதவில் புதுப் பூட்டுதான் கிடைத்தது.

மார்ச்சில் 'பம்ப் கெட்டுவிட்டது, மூன்று நாள் தண்ணீர் வராது' என்று இராமையா எழுதியதை யாரோ போனில் படம் பிடித்து வாட்சாப்பில் விட்டார்கள். அது கோலாலம்பூர் தலைமை அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. அங்கே அதற்குத் 'தகவல் பாதுகாப்பு மீறல்' என்று பெயர் சூட்டினார்கள். பம்பை யாரும் வந்து பார்க்கவில்லை. கரும்பலகையைக் கழற்றி உர ஸ்டோரில் போட்டார்கள். இனிமேல் அறிவிப்பெல்லாம் பாதுகாப்பான ஓர் உள் வலைப்பதிவில்தான் வரும், வாயால் அறிவிப்பவர் வேலைநீக்கம் செய்யப்படுவார் என்று சுற்றறிக்கை வந்தது.

வலைப்பதிவுக்கு எந்த மென்பொருள் என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். குழுவில் உள்ளூர் ஆலோசகர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. உள்ளூரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான். கூப்பிட்டார்கள், இளித்துக்கொண்டு போனேன். இவ்வளவு பெரிய கம்பெனி என் வாடிக்கையாளர் என்று கடை வாசலில் எழுதிப் போட்டுக்கொள்ளலாமே! முதல் நாளே பதினெட்டுப் பக்க ரகசியப் பத்திரம் ஒன்றை நீட்டினார்கள். குழு சம்பந்தமாகக் கேட்டது, பார்த்தது, ஊகித்தது எதையும் வெளியில் சொல்ல மாட்டேன், சொன்னால் கோர்ட்டுக்கு வருவேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

குழுத் தலைவர் லோகேஸ்வரன், கம்பெனியின் தகவல் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒருமுறை மலையேறி வருவார். லேப்டாப் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். தண்ணீர் பாட்டிலிலும் ஒட்டியிருப்பார், அது ஏன் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. முதல் கூட்டத்தில் அவர் பேசியது அப்படியே நினைவிருக்கிறது.

"நம்ம எதிரி யாருன்னு நெனைக்கிறீங்க? ஹேக்கரா? இல்ல சார். வாசகன்! எந்த லீக்க வேணும்னாலும் எடுத்துப் பாருங்க, கடைசில யாரோ ஒருத்தன் அதப் படிச்சிருப்பான். யாருமே படிக்காத தகவல் உலகத்துல இதுவரைக்கும் லீக் ஆனதே கெடையாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோட்டத்து மேனேஜர் குணாளன் துரை அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். லோகேஸ்வரன் எது சொன்னாலும் எழுதிக்கொள்கிறவர்.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். பதில் எழுத வேண்டியது நான். முதலில் உலகத்தில் பாதிப் பேர் பயன்படுத்தும் ஒன்றைக் கொண்டுபோனேன்.

"இதோட கோட் யாரு வேணும்னாலும் பாக்கலாமா?" என்றார் லோகேஸ்வரன்.

"பாக்கலாம் சார்."

"அப்ப திருடனும் பாப்பான்ல? அடுத்தது."

அடுத்ததாக ஒரு பெரிய கம்பெனியின் மென்பொருள்.

"இதோட கோட்ட நாம பாக்க முடியுமா?"

"முடியாது சார். அவங்க ரகசியம்."

"உள்ள என்ன இருக்குன்னே தெரியாம எப்படி சார் வாங்குறது? அடுத்தது."

மூன்றாவதை நம் ஆள் மட்டும் திறந்து பார்க்கலாம், வெளியாள் பார்க்க முடியாது. இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. நூற்றுத் தொண்ணூறு கேள்விவரை தேறிவிட்டது. நூற்றுத் தொண்ணூற்றொன்றாவது கேள்வி: 'இதில் வெளியிடப்படுவதைப் பிறர் படிக்க வாய்ப்புள்ளதா?' நான் பாட்டுக்கு 'ஆம்' என்று எழுதியிருந்தேன். லோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதோடு அது போயிற்று.

நான்காவதில் கடவுச்சொல் பிரச்சினை. வேலையாள் ஒவ்வொருவருக்கும் பதினாறு எழுத்தில் கடவுச்சொல், இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புதுக் கடவுச்சொல் கம்பெனி ஈமெயிலுக்கு வரும். கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கம்பெனி ஈமெயில் ஏது? அதை எப்படித் திறப்பது என்பது வலைப்பதிவில் வெளியிடப்படும்.

"அப்ப மொத ஆளு எப்படி சார் உள்ள போறது?" என்று கேட்டேன்.

லோகேஸ்வரன் என்னைப் பரிவோடு பார்த்தார். "அதான் சார் செக்யூரிட்டி" என்றார்.

இப்படியே ஆகஸ்ட் வந்தது. ஒரு நாள் கூட்டம் முடிந்து இறங்கும்போது திலகம் அக்கா வழிமறித்தாள். மேட்டு லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. கொழுந்து எடுக்கிறவள், லயத்துக்கு ஒன்று என்றால் ஆபீசுக்குப் போய் நிற்கிறவளும் அவள்தான். புருஷன் வீரப்பன் லோரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஐந்து வருடமாகப் படுக்கை. அவள் என்னை லயத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். மேலே லோரி ரோடு போடுவதற்காக மலையை வெட்டியிருந்தார்கள். வெட்டின இடத்துக்குக் கீழே மண் வாய் பிளந்திருந்தது.

"போன மாசம் வெரலு நொழஞ்சிச்சு. இப்பப் பாரு, கையே நொழையுது லா."

"கிராணிகிட்ட சொன்னியாக்கா?"

"சொல்லாம இருப்பனா? போர்டு இல்லாம நான் என்னா செய்யட்டும்ங்குறாரு. வாயால சொன்னா அவரு வேல போயிருமாம், ரிட்டையராக இன்னும் ஏழு மாசந்தான் இருக்காம். நீதான அந்தக் கமிட்டில இருக்க? மழ புடிக்கறதுக்குள்ள அந்த எழவு என்னமோ ஒண்ண வாங்கித் தொலைங்கடா, எட்ரி. இவர நான் ஒருத்தியா தூக்கிட்டு எறங்க முடியாது. டிராக்டர் வேணும், மண்டபத்துச் சாவி வேணும். எழுதுனாத்தான் ரெண்டும் வரும்."

அடுத்த கூட்டத்திலேயே பேசுகிறேன் என்றேன். பேசவும் பேசினேன். 'மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது. அங்கிருக்கும் ஆறு வீட்டார், பதினெட்டுப் பேர், உடனே மண்டபத்துக்கு வரவும். மண்டபம் திறந்திருக்கும்.' இதை வெளியிட வேண்டும், அவசரம் என்றேன். லோகேஸ்வரன் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதம்! நமக்கு ஒரு மாதிரிப் பதிவு இல்லாம தவிச்சிக்கிட்டு இருந்தோம். இதையே டெஸ்டுக்கு வச்சிக்குவோம்."

அன்று முழுவதும் அந்த நாலு வரியைப் பாதுகாப்புச் சோதனை செய்தார்கள். இடத்தின் பெயர் வெளியாட்களுக்கு வழி காட்டுமாம், எடுத்தார்கள். பதினெட்டு என்பது ஆள்பலம், அதுவும் போனது. மண் வெடிப்பு என்பது கம்பெனிச் சொத்தின் பலவீனம். மண்டபம் திறந்திருக்கும் என்பது திருடனுக்கு அழைப்பு. சாயங்காலம் பார்த்தால், 'ஓர் இடத்தில் இருக்கும் சிலர் இன்னோர் இடத்துக்கு வரவும்' என்று மிஞ்சியிருந்தது.

"இப்ப பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார் லோகேஸ்வரன்.

"சார், அங்க மனுசங்க இருக்காங்க சார்" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"அதனாலதான் சார் இவ்ளோ கவனமா இருக்கோம்" என்றார். குணாளன் துரை அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்ததும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். 'ஸ்லேட் எண்டர்பிரைஸ்' என்று ஒரு பெயரை எழுதி, இருநூற்றுப் பதினான்கு கேள்விகளுக்கும் பதில் போட்டேன். இணையத்தோடு இணைப்பு உண்டா? இல்லை. தரவு வெளிநாட்டுக்குப் போகுமா? நகரவே நகராது. மின்சாரம் போனால்? தொடர்ந்து இயங்கும். வைரஸ் தாக்குமா? கரையான் மட்டும். அழித்த தரவை யாராவது மீட்க முடியுமா? ஈரத்துணியால் துடைத்தால் முடியாது. பொய் ஒன்றுகூட எழுதவில்லை. உர ஸ்டோரில் கிடக்கும் கரும்பலகையைப் பற்றி எழுதினால் இதுதான் பதில். படித்ததும் வெட்கப்படுவார்கள், போர்டை மறுபடியும் களத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். இத்தனை மாதம் அவர்களோடு உட்கார்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அக்டோபர் கூட்டத்தில் ஸ்லேட் எண்டர்பிரைஸ் இருநூற்று ஒன்பது மதிப்பெண் வாங்கியது. லோகேஸ்வரன் எழுந்து நின்று கை தட்டினார்.

"இத்தன மாசத்துல இப்பத்தான் சார் ஒரு சீரியஸான புராடக்ட்டப் பாக்குறேன்!"

நான் சொல்லிவிட்டதும் இரண்டு ஆட்கள் உர ஸ்டோரிலிருந்து கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய பம்ப் செய்தியின் பாதி இன்னும் அழியாமல் இருந்தது. லோகேஸ்வரன் சட்டத்தைத் தடவிப் பார்த்து, இன்டர்ஃபேஸ் சிம்பிளாக இருக்கிறது என்றார். வாசலில் நின்ற இராமையா கிராணி வாயைப் பிளந்தார். முப்பது வருடம் எழுதின போர்டு அவருக்குத் தெரியாதா? குணாளன் துரைக்கும் தெரிந்துவிட்டது. பெரட்டுக் களத்தில் டிராக்டர் இடித்து உடைந்த அதன் இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டைப் பிரித்து, 'சிம்பிள் இன்டர்ஃபேஸ்' என்று எழுதினார்.

நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எப்படியோ போர்டு திரும்பி வந்தது, இனி இராமையா எழுதுவார், அக்கா இறங்கிவிடுவாள் என்று மனசு லேசாகிவிட்டது.

அடுத்த வாரம் நிறுவல் நிபந்தனைகள் வந்தன. ஸ்லேட் எண்டர்பிரைசை ஆபீசின் பின்னறையில், இரும்புக் கிராதிக்குள் வைக்க வேண்டும். அதன்மேல் எப்போதும் கறுப்புத் துணி கிடக்க வேண்டும். வாசலில் ஒரு ஜாகா காவல். பார்க்க அவனுக்கு அனுமதி இல்லாததால் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். படிக்க விரும்புகிறவர் படத்தோடு விண்ணப்பம் கொடுத்து மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். படித்ததைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். வலைப்பதிவு என்றால் கருத்துப் பகுதி வேண்டுமே, அதனால் பதிவேட்டில் 'கருத்து' என்று ஒரு கட்டம். எழுதும் கருத்து தலைமை அலுவலக ஒப்புதலுக்குப் பிறகுதான் வெளியாகும். உள்ளே படித்ததை வெளியே சொல்வது ஒலிவழிக் கசிவு.

"சார், இது பெரட்டுக் களத்துல இருந்தாத்தான சார் ஆளுங்க பாப்பாங்க?" என்று போனில் கேட்டேன்.

"அதான் சார் ரிஸ்க்கே" என்றார்.

நவம்பர் பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. ஒரு பதிவு வெளியிட ஏழு கையெழுத்து வேண்டும். முதன்முதலாக வெளியாகும் பதிவு திலகம் அக்காவின் நாலு வரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் அலையாத அலைச்சல் இல்லை. வாசகரே இல்லாத இடத்தில் எதையும் நீக்கத் தேவையில்லை என்று சொல்லி, நீக்கின சொற்களையும் திரும்ப வாங்கினேன். ஏழாவது கையெழுத்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடைத்தது. தொடக்க விழாவுக்கு லோகேஸ்வரனே வந்தார். சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு இராமையா கிராதிக்குள் போய், அழகான கையெழுத்தில் நாலு வரியும் எழுதினார். கறுப்புத் துணியை இழுத்துவிட்டார்கள். கை தட்டல், கேக்.

வெளியே திலகம் அக்கா நனைந்துகொண்டு நின்றாள். படிக்க விண்ணப்பம் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இரண்டு கையெழுத்து கிடைத்துவிட்டது, மூன்றாவது கோலாலம்பூரில். ஜாகா மகேன் அவளிடம், "எனக்கே தெரியாது லாக்கா, நான் செவுத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். இராமையா அவள் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவள் என்னிடம் வந்தாள்.

"எட்ரி, மண்டபத்தப் பத்தி எழுதிருக்கா இல்லியா? அத மட்டும் சொல்லு."

நான் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வாயத் தொறக்க வேணாம், சரி. தலைய மட்டும் ஆட்டு. எழுதிருக்குன்னா பூட்ட நாங்க ஒடச்சிக்கிறோம். எல்லாரும் சேந்து இவரத் தூக்கிக்கிட்டு எறங்கிருவோம். போர்டுல வந்துருச்சுன்னு சொன்னா ஒருத்தன் மாட்டேங்க மாட்டான். தலைய மட்டும் ஆட்டுடா."

என் தோள் பக்கத்தில் லோகேஸ்வரன் பேப்பர் தட்டில் கேக்கோடு நின்றார். பதினெட்டுப் பக்கப் பத்திரம் நினைவுக்கு வந்தது. கம்பெனியின் மற்ற நாலு தோட்டங்களுக்கும் இதையே போடலாம், நீங்கதான் ஆலோசகர் என்று அவர் அரைமணி நேரத்துக்கு முன்னால் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஒரு தலையசைப்பு. கழுத்தில் எனக்கு எந்த வியாதியும் இல்லை.

"திங்கக்கெழம ஒனக்கு அனுமதி வந்துரும்க்கா" என்றேன்.

அவள் சரி என்று சொல்லி மேட்டுக்கு ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மலை இறங்கியது. லோரி ரோட்டையும் சேர்த்துக்கொண்டு வந்து மேட்டு லயத்தில் கடைசி மூன்று வீட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. நான் போனபோது மண்ணுக்கு மேலே ஒரு தகரக் கூரையின் ஓரம்தான் தெரிந்தது. கம்போங் ராஜாவிலிருந்து வந்த மண்வெட்டும் இயந்திரம் மறுநாள் மத்தியானம்வரை தோண்டியது. ஆறு பேர். வீரப்பனைக் கட்டிலோடு எடுத்தார்கள். திலகம் அக்கா பிழைத்தது எப்படி என்றால், அந்த நேரத்தில் அவள் வீட்டில் இல்லை. மண்டபம் திறந்திருக்கிறதா என்று பார்க்கக் கீழே போயிருந்தாள். பூட்டித்தான் இருந்தது; சாவி வைத்திருந்தவனுக்கும் டிராக்டர்காரனுக்கும் போர்டைப் படிக்க அனுமதி இல்லை. தீயணைப்புக்காரர்கள் வந்துதான் அதை உடைத்து, மிஞ்சினவர்களை உள்ளே தங்கவைத்தார்கள்.

புதன்கிழமை குழு கூடியது. எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு லோகேஸ்வரன் அறிக்கை வாசித்தார்.

"அறிவிப்பு வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கே வெளியாகியிருக்கு. கம்பெனி தன் கடமையச் செஞ்சிருச்சு. சிஸ்டம் ஒரு நிமிசம்கூட டவுன் ஆகல. இவ்ளோ பெரிய சம்பவத்துலயும் ஒரு சின்ன லீக்கூட இல்ல. இந்த மாதிரி நேரத்துலதான் சார் ஒரு மென்பொருளோட தரம் தெரியும்." என் பக்கம் திரும்பி, "ஆலோசகருக்கு நம்ம நன்றியப் பதிவு செய்யணும்" என்றார்.

பதிவு செய்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் மகேன் வந்து, அந்த அம்மா வந்திருக்காங்க என்றான். துயரத்தை முன்னிட்டு அவள் விண்ணப்பத்தை விரைவுபடுத்தி, மூன்றாவது கையெழுத்தையும் போட்டுவிட்டிருந்தார்கள். லோகேஸ்வரன் தாமே எழுந்து போய்க் கிராதியைத் திறந்துவிட்டார். மகேன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் துணியை விலக்கினேன்.

திலகம் அக்கா விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து, சத்தமில்லாமல் படித்தாள். 'மண்டபம் திறந்திருக்கும்' என்ற இடத்தில் விரல் நின்றது. என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பேனாவுக்குக் கையை நீட்டினாள், அவ்வளவுதான்.

பதிவேட்டில் பெயர் எழுதினாள், நேரம் எழுதினாள். லோகேஸ்வரன் எட்டிப் பார்த்து, "நம்ம முதல் வாசகர்" என்று குணாளன் துரையிடம் மெல்லச் சொன்னார். கருத்துக் கட்டத்தில் அவள், பெரட்டில் கிராணி எழுதுவதைப் போலவே எழுதினாள்: 'மண்டபத்துக்கு வந்தது பன்னிரண்டு பேர். வராதது ஆறு பேர்.' பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனாள்.

அந்தக் கருத்து இன்னும் கோலாலம்பூரில் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.